உடன் கண்டவர்

மலேசியாவின் பேராக் மாநிலத்து மலைகளில் வாழும் உயிர்களைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். புலியைப் பற்றி, இருவாசிப் பறவையைப் பற்றி, சுண்ணாம்புப் பாறை இடுக்கில் ஒரே ஓர் இலையோடு பிறந்து அந்த ஒரே இலையோடு ஆயுளை முடித்துக்கொள்ளும் ஒற்றையிலைச் செடியைப் பற்றிக்கூட எழுதியாகிவிட்டது. அந்தச் செடியை உங்களுக்குத் தெரியும்தானே? தெரியும் என்று தலையாட்டுகிறீர்கள். நல்லது, மேலே போவோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாய் தின்றுவிட்டு, கூட்டமாகக் காட்டுக்குள் நுழைந்து, மதியச் சோற்றுக்குள் பத்திரமாக வெளியே வந்துவிடும் ஓர் உயிரினம் உண்டு. அதைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வரி எழுதவில்லை. அதற்குப் பெயர் உடன் கண்டவர்.

பார்த்தால் சட்டென்று தெரிந்துவிடும். தலையில் பிடரி வரை துணி தொங்கும் தொப்பி, காலில் அட்டை ஏறாமலிருக்க முழங்கால் வரை இழுத்துக் கட்டிய காலுறை, பன்னிரண்டு பைகள் வைத்த கால்சட்டை, அதில் பதினொன்று காலி, பன்னிரண்டாவதில் புந்தோங்கில் வாங்கிய கச்சாங் பூத்தே என்னும் கடலைப் பொட்டலம், கழுத்தில் தொலைநோக்கி, முகத்தில் காட்டுக்கே மாப்பிள்ளை ஆகிவிட்ட ஒரு களை.

இதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். உண்மையாகவே பார்க்கிறவர்களும் இதே தொப்பியைத்தான் போடுகிறார்கள். உடன் கண்டவரைக் குரலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். யாராவது உச்சாணிக் கிளையைக் காட்டி "அதோ" என்றதும் அவர் தொலைநோக்கியைத் தூக்குவார். தூக்கிய கையோடு தெரிகிறது என்று சொல்பவர் கற்றுக்குட்டி, மாட்டிக்கொள்வார். தேர்ந்தவர் அவசரப்படமாட்டார். தொலைநோக்கியை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்துவார், ஓரிடத்தில் நிறுத்துவார், அரை அங்குலம் பின்னால் வருவார், மூச்சை உள்ளே இழுப்பார், வாயைப் பாதி திறப்பார், சரியாக ஏழாவது விநாடியில் அந்தக் குரல் வரும்: "ஆ... ஆமா, ஆமா, ஆமா." மூன்று தடவை. பிறகு ஒரு பெருமூச்சு. பெருமூச்சின் வாலில் "என்னா அழகு." நிறம் சொல்லமாட்டார். அளவு சொல்லமாட்டார். வால் நீளமா குட்டையா என்று வாயே திறக்கமாட்டார். பறவை, பூ, பாம்பு, பாறை எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே "என்னா அழகு"தான். சரி, அவருக்கு என்னதான் தெரிந்தது? இலை தெரிந்தது. அதுவும் கலங்கலாக.

ஈப்போ வட்டாரத்தில் இந்த இனத்துக்குத் தலைசிறந்த மாதிரி ஐயாவு. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் எண்ணெய்ச் செம்பனையாகி, செம்பனையும் வீட்டுமனையானபோது ஈப்போவுக்கு வந்து, லாரி உதிரிபாகக் கடையில் ஸ்டோர் கீப்பராக உட்கார்ந்து முப்பது வருடம் ஆகிறது. வயது ஐம்பத்தேழு. மூக்கில் தடித்த கண்ணாடி. கடையில் எந்த போல்ட்டு எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். கண்ணைத் திறந்தால்தான் சிக்கல். வீட்டில் மேசைமேல் நிற்கும் கிச்சாப் என்கிற சோயா சாற்றுப் போத்தலை மேசை முழுக்கத் துழாவித் தேடுவார்.

"மூக்குக்கு நேரா இருக்கிற போத்தல் தெரியல. இவருக்குக் காட்டுல குருவி தெரியுதாம்லா," என்பாள் மனைவி காளியம்மா, போத்தலை எடுத்து அவர் கையிலேயே வைத்துவிட்டு.

ஐயாவு இப்படி ஆனதற்கு ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன் கிந்தா மலை இயற்கை ஆர்வலர் கழகத்தோடு முதல்முறை நடக்கப் போனார். கழகத் தலைவர் குலசிங்கம் ஓய்வுபெற்ற நில அளவையாளர், யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், குருவியைக்கூடக் கோணமானி வைத்துப் பார்க்கிற ஆள். அவர் கையை நீட்டினார்.

"அந்தா, அந்தப் பெரிய மரம். இடப்பக்கக் கவட்டில இருந்து மூண்டாவது கொப்பு. அதுக்கு மேல ஒரு பத்துப் பாகை. தெரியுதோ?"

இரவல் தொலைநோக்கியில் ஐயாவுக்குத் தெரிந்தது இரண்டு கறுப்பு வட்டங்கள். வட்டத்துக்குள் வட்டமாக அவருடைய சொந்த இமைமயிர். அவருக்குப் பின்னால் ஒன்பது பேர் முறைக்கு நின்றார்கள். எல்லோரும் பார்த்துவிட்டார்கள் போலிருந்தது. எல்லோர் முகத்திலும் ஒரு நிறைவு. இந்தப் புதிய ஆள் ஒருவருக்காக அந்தக் குருவி பாவம் காத்துக்கொண்டிருந்தது, குலசிங்கத்தின் நீட்டிய கையும் காத்துக்கொண்டிருந்தது. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஐயாவும் அதைத்தான் சொன்னார். சொன்னதும் நடந்ததுதான் விந்தை. குலசிங்கம் அவர் தோளைத் தட்டினார். ஒன்பது பேரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். கடையில் போல்ட்டு எடுத்துக் கொடுத்து பத்தொன்பது வருடத்தில் கிடைக்காத மரியாதை ஒரு "ஆமா"வில் கிடைத்துவிட்டது. விடுவாரா மனுஷன்?

இதற்கு நடுவில் கழகத்தின் சட்டம் ஒன்று அவரை உச்சிக்கே கொண்டுபோய் நிறுத்தியது. கழகத்துக்கு ஒரு பார்வைப் பதிவேடு உண்டு, பச்சை அட்டை போட்ட தடித்த புத்தகம். ஒரு விலங்கையோ பூவையோ ஒருவர் மட்டும் பார்த்தால் அது கணக்கில் சேராது. முதல் கட்டத்தில் 'கண்டவர்' கையெழுத்து, இரண்டாவது கட்டத்தில் 'உடன் கண்டவர்' கையெழுத்து, இரண்டும் விழுந்தால்தான் பதிவு. குலசிங்கம் போட்ட சட்டம் அது. நில அளவையில் எல்லைக் கல்லுக்கு இரண்டு சாட்சி கேட்டுப் பழகியவர். மற்ற உறுப்பினர்கள் இரண்டாவது கட்டத்தில் கையெழுத்துப் போடக் கொஞ்சம் தயங்குவார்கள். ஐயாவுக்கு என்ன தயக்கம்? பேனாவை மூடி கழற்றியே வைத்திருப்பார். பதினோரு வருடத்தில் நூற்று நாற்பத்தாறு பதிவுகளில் அவர் உடன் கண்டவர். அதில் கேமரன் மலைச்சரிவில் கண்ட ஓர் அபூர்வ வெள்ளை ஆர்க்கிட்டும் அடக்கம். அடுத்த வாரம் காற்றடித்தபோது அந்த ஆர்க்கிட் பறந்து போய்விட்டது. பிளாஸ்டிக் பை. அதனால் ஐயாவின் பெயர் கெட்டதா? இல்லை, "பிளாஸ்டிக் பையையே பார்த்துட்டாரே, என்ன கண்ணு" என்று வளர்ந்தது. ஆண்டுக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்தி 'கழுகுக் கண் ஐயாவு' என்று ஒரு கேடயமும் கொடுத்தார்கள். காளியம்மா அதைக் கிச்சாப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தாள், அவர் இரண்டையும் சேர்த்துத் தேடட்டும் என்று.

இந்தக் கூட்டத்தில் ஒட்டாத ஒரே ஆள் இருளாயி. பழைய ரப்பர்ப் பால்மரத் தொழிலாளி, இப்போது ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் வேலை, அறுபத்திரண்டு வயது. காட்டின் மீது ஆசைப்பட்டு வந்தவர் இல்லை. டாக்டர் நடக்கச் சொன்னார், தனியாக நடக்கப் பயம், ஈப்போவில் கூட்டமாக நடக்கிறவர்கள் இவர்கள்தான், சேர்ந்துவிட்டார். அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எல்லோரும் "ஆமா, ஆமா" என்று முடித்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில், "எனக்கு ஒன்னும் தெரியலையே" என்பார். ஒவ்வொரு தடவையும். ஒவ்வொரு குருவிக்கும். மறுபடி எல்லோரும் நிற்க வேண்டும், மறுபடி ஒருவர் கையை நீட்ட வேண்டும், அதற்குள் குருவி போய்விடும், ரொட்டி சானாய் ஜீரணமாகிவிடும்.

"அக்காவுக்குக் கண்ணு சரியில்லலா, விடுங்க," என்பான் பவித்ரன். கைக்குழந்தை நீளத்துக்கு லென்ஸ் வைத்த கேமரா அவனுடையது. இரவல் தொலைநோக்கிகூட யாரும் அவர் கையில் கொடுப்பதில்லை. தெரியாதவருக்கு எதற்குத் தெரோப்போங் என்று ஒரு பொதுக்கருத்து. பதிவேட்டில் இருளாயியின் கையெழுத்து ஓரிடத்தில்கூட இல்லை.

இப்படி உல்லாசமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஓர் ஆடு வந்து நின்றது.

செமோருக்கு அப்பால் ஒரு சுண்ணாம்புக் குன்று இருக்கிறது. நம்மவர்கள் ஆட்டுமலை என்பார்கள். மலாய்க்காரர்கள் கம்பிங் குருன் என்று சொல்லும் மலையாடு அங்கே உண்டு என்று பேச்சு. கறுப்பு உடம்பு, பிடரியில் மயிர், செங்குத்துப் பாறையில் சுவரொட்டி போல ஒட்டிக்கொண்டு நிற்குமாம். கழகத்தில் யாரும் பார்த்ததில்லை. மூன்று மாதத்துக்கு முன் குலசிங்கம் அந்தப் பாறையை அண்ணாந்து பார்த்து, "அதில கறுப்பா ஏதோ நிக்குது போல," என்றார். ஐயாவின் தொலைநோக்கி எழுந்தது, நகர்ந்தது, நின்றது. "ஆ... ஆமா, ஆமா, ஆமா. என்னா அழகு." பதிவேட்டில் ஏறிவிட்டது. கழகத்துக்கே அது பெரிய நாள். செயலாளர் ரஜிதா வாட்ஸ்அப்பில் ஆட்டுப் படம் ஒன்றை எங்கிருந்தோ எடுத்துப் போட்டாள், நாற்பது பேர் கைகூப்பினார்கள்.

அப்புறம்தான், அந்தப் பதிவைக் கேள்விப்பட்ட வனவிலங்குத் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆட்டுமலையின் அடிவாரத்தைச் சமன் செய்து, உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கிச் சறுக்கி வரும் கேளிக்கைப் பூங்கா கட்ட யாரோ அனுமதி கேட்டிருந்தார்கள். மலையாடு அங்கே இருப்பது உறுதியானால் அனுமதி இல்லை. ஆகவே கண்டவரும் உடன் கண்டவரும் வருகிற புதன்கிழமை அலுவலகத்துக்கு வர வேண்டும். இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து, கண்டதை விவரமாகக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். இருவர் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும்.

தனித்தனி அறை. அங்கே ஐயாவுக்குக் கை நீட்டிக் காட்ட யாரும் இருக்கமாட்டார்கள். அவருக்கு அந்தக் குன்றின்மேல் உண்மையிலேயே உயிர். ஒன்றுமே பார்க்காமல் பதினோரு வருடம் ஓரிடத்துக்கு ஒருவர் போகிறார் என்றால் வேறு என்னவாக இருக்க முடியும்? அந்தப் பாறையின் ஈர வாசனையும், அடிவாரத்து மூங்கில் சத்தமும், மேலே பேரில்லாமல் கூவும் ஏதோ ஒன்றும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதை ஒரு கயிற்றுக்குக் கொடுத்துவிடுவதா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குலசிங்கத்தின் வீட்டுக்குப் போனார். விவரத்தை நைசாக அவரிடமிருந்து கறந்துகொண்டு வந்துவிடலாம் என்று திட்டம்.

"சார், சும்மா ஒரு சந்தேகம். அன்னிக்கு அந்த ஆடு எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நின்னுச்சு?"

குலசிங்கம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "நீர் என்ன நினைக்கிறீர்?"

"நீங்கதான சார் முதல்ல பாத்தீங்க."

"ஓம். ஆனா நீர்தான் வடிவாப் பார்த்தனீர். அழகு எண்டும் சொன்னனீர்."

"அழகாத்தான் இருந்துச்சு."

"கொம்பு?"

"கொம்பு... இருந்துச்சு. ஆடுன்னா கொம்பு இருக்கும்லா."

"எத்தனை?"

"ஆட்டுக்கு இருக்கிற அளவு சார்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு குலசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"ஐயாவு, நான் உள்ளதைச் சொல்லுறன். நான் கண்டது ஒரு கறுப்பு. தண்ணி வடிஞ்ச கறையோ எண்டு யோசிச்சுக்கொண்டுதான் சொன்னனான். நீர் மூண்டு தரம் ஆமா போட்ட பிறகுதான் அது ஆடு எண்டு எனக்கு நிச்சயமாச்சு."

"நீங்க சொன்னதாலதான சார் நான் ஆமா சொன்னேன்."

"உம்மட ஆமாவை நம்பித்தானே ஐசே நான் எழுதினன்."

குலசிங்கம் எழுந்துபோய்ப் பச்சைப் புத்தகத்தை எடுத்து வந்தார். பக்கங்களைப் புரட்டினார். "இதில உம்மட கையெழுத்து நூற்று நாற்பத்தாறு இடத்தில கிடக்குது. எத்தனை உண்மை?"

"ஒரு அம்பது இருக்கும் சார்."

"எந்த அம்பது?"

"நீங்க உண்மையா பாத்த அம்பது."

குலசிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாகரிகமான மனிதர், வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். ஐயாவுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பெரிய மனிதர்கள் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபோது ஆட்டுமலை அப்படியே எதிரில் நின்றது.

"புதன்கிழமை பொய் சொல்ல என்னால ஏலாது," என்றார் குலசிங்கம். "ஞாயிற்றுக்கிழமை ஒருக்காப் போய்ப் பார்ப்பம். உண்மையா ஆரும் ரெண்டு பேர் கண்டா, அந்த ரெண்டு பேர் போகட்டும். இல்லாட்டி நான் காணேல்ல எண்டு எழுதிக் குடுத்திடுவன்."

ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேர் ஆட்டுமலை எதிரில் நின்றார்கள். எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று, பத்தரை ஆயிற்று. பாறை வெறும் பாறையாக இருந்தது. பவித்ரன் எழுபது படம் எடுத்தான், எழுபதும் பாறை. ஐயாவு தொலைநோக்கியைக் கழுத்திலிருந்து கழற்றி, மூங்கில் நிழலில் தனியாக உட்கார்ந்திருந்த இருளாயியிடம் நீட்டினார்.

"நீங்களாச்சும் பாருங்கக்கா. எனக்குத் தெரியல."

"இன்னிக்கா?"

"பதினோரு வருசமா."

சொல்லிவிட்டு, மலையே தலையில் விழும் என்று காத்திருந்தார். ஒன்றும் விழவில்லை. இருளாயி காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே, "எனக்குத் தெரியும் தம்பி," என்றார். "ஒருநாளு மூடியக் கழட்டாமலே என்னா அழகுன்னீங்க. நான்தான் பின்னால நின்னேன்."

"ஏங்க்கா சொல்லல?"

"சந்தோசமா இருந்தீங்க."

இருளாயியும் கண்ணாடிக்காரர்தான். முதல்முறையாகக் கைக்கு வந்த தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார், இருட்டு. எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கண் வைக்கும் இடத்தில் உயர்ந்து நின்ற ரப்பர் வளையம் கண்ணாடியில் இடித்துக்கொண்டிருந்தது. அதை விரலால் அமுக்கினார். மடங்கியது. இன்னொன்றையும் மடித்தார். "கண்ணாடி போட்டவங்க இத மடிச்சுக்கணும் போல இருக்கு தம்பி. இப்பப் பாருங்க."

ஐயாவு பார்த்தார்.

என்ன சொல்வது? இலை தெரிந்தது. அடிவாரத்துச் செடி ஒன்றின் சாதாரண இலை, ஆனால் நரம்பு நரம்பாகத் தெரிந்தது, நடுவில் பூச்சி அரித்த ஓட்டை தெரிந்தது, ஓட்டையின் விளிம்பில் ஓர் எறும்பு நின்று மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. பதினோரு வருடமாக இரண்டு கறுப்பு வட்டத்துக்குப் பின்னால் இந்த எறும்பு இருந்திருக்கிறது. அவருக்கு ஆகாயத்தில் பறப்பது போல் இருந்தது. பக்கத்துச் செடிக்குத் தாவினார், அதற்கு ஒரே ஓர் இலை, ஒற்றையிலைச் செடி. பதிவேட்டில் அதற்கு அவர் ஆறு தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறார். இன்றுதான் முதல் சந்திப்பு. அப்படியே பாறையில் ஏறினார், வெடிப்புகள், கறைகள், ஒரு கறுப்புக் கறை, கறைக்கு இரண்டு கண்.

கறை அசைபோட்டது.

"அங்க..." என்றார் ஐயாவு.

"ஆ... ஆமா, ஆமா, ஆமா," என்றது கூட்டம்.

அவர் இன்னும் கையே நீட்டவில்லை. எந்தப் பக்கம் என்றே சொல்லவில்லை. தொலைநோக்கியை இறக்கித் திரும்பிப் பார்த்தார். ஒருவர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒருவர் மேகத்தை, பவித்ரன் லென்ஸை எதிர்ப்பக்கத்துக் குன்றுக்குத் திருப்பிப் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தான். வாய் பாதி திறந்த முகங்கள், உள்ளே இழுத்த மூச்சு. ஏழு விநாடிகூட யாரும் காத்திருக்கவில்லை, தொழில் கெட்டுப்போய்விட்டது. "என்னா அழகு," என்றாள் ரஜிதா, பெருமூச்சோடு. குலசிங்கம் ஒருவர்தான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்குது?" என்று கேட்டார் ஐயாவு.

"இந்தப் பக்கம்," என்றார் ஒருவர். "அந்தப் பக்கம்," என்றார் இன்னொருவர். "இப்ப படுத்துருச்சு," என்றான் பவித்ரன்.

ஐயாவுக்கு உள்ளே ஏதோ நொறுங்கியது, கூடவே சிரிப்பும் வந்தது. அவர் திரும்பி இருளாயியிடம் தொலைநோக்கியைக் கொடுத்தார். "அக்கா, உங்களுக்கு?"

இருளாயி நிதானமாகப் பார்த்தார்.

"எனக்கு ஒன்னும் தெரியலையே தம்பி."

அந்தச் சொல் அன்றைக்கு ஐயாவின் காதில் தேனாகப் பாய்ந்தது. ஆனால் ஆடு போய்விட்டால்? பதினோரு வருடமாக அடுத்தவர் கையை நம்பிப் பிழைத்தவர், வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் வழி சொல்ல வேண்டியிருந்தது.

"வெள்ளையா ஒரு பாறை தெரியுதா?"

"வெள்ளையா எல்லாமே இருக்கு."

"சரி. அந்த மொட்ட மரம்?"

"ஆங், மரம் தெரியுது."

"மரத்துக்கு நேரா கீழ வாங்க. ஒரு வெடிப்பு, கதவு நெலை மாதிரி."

"மேகம் வந்துருச்சு தம்பி."

"மேல போயிட்டீங்க. கீழக்கா, கீழ. பதட்டப்படாதீங்க." பதறியது அவர்தான். இருளாயிக்குக் கை வலித்தது, இறக்கினார், மறுபடி தூக்கினார். பத்து நிமிடம் ஓடியது.

"அண்ணே, அக்காவுக்குக் கண்ணு சரியில்லலா," என்றான் பவித்ரன். "நாங்க பன்னெண்டு பேரு பாத்தோம். யாரு வேணும் சொல்லுங்க, கையெழுத்துப் போடுறோம்." ரஜிதா பச்சைப் புத்தகத்தையே திறந்து நீட்டிவிட்டாள், பேனாவின் மூடியும் கழன்றிருந்தது. பன்னிரண்டு உடன் கண்டவர்கள், பன்னிரண்டு வலதுகைகள். யாரையாவது ஒருவரைப் பிடித்து, வெடிப்பைக் காட்டி, நாலு விவரம் சொல்லிக்கொடுத்தால் புதன்கிழமை வேலை முடிந்தது. மலை பிழைத்தது. ஐயாவு அந்தப் பேனாவையே பார்த்தார். அது போன்ற ஒரு பேனாவோடுதான் அவர் குடும்பம் நடத்தியிருக்கிறார்.

"மூடி வை புள்ள," என்றார். "அக்கா பாப்பாங்க."

"ஆங்," என்றார் இருளாயி.

எல்லோரும் திரும்பினார்கள். இருளாயி இப்போது யாரோடும் பேசுகிற மாதிரி இல்லை, தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார்.

"கறுப்பா இருக்கு. பிடரி மயிரு காத்துல ஆடுது. குட்டக் கொம்பு, ரெண்டு. வலது காது நுனி கிழிஞ்சு தொங்குது. பழசு, ஆறிப்போன கிழிசல். எங்க தோட்டத்துல ஆடு வளக்கயில காத வெட்டி அடையாளம் வச்சிருப்போம், யாரு வீட்டு ஆடுன்னு தெரியறதுக்கு. காதத்தான் முதல்ல பாப்பேன். இது வெட்டுனது இல்ல தம்பி, முள்ளுல கிழிச்சது. யாரு வீட்டு ஆடும் இல்ல."

ஐயாவு காதைப் பார்த்திருக்கவே இல்லை. தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தார். கிழிசல் இருந்தது. அந்தக் காது ஒருமுறை ஈயை விரட்டியது, பிறகு ஆடு உடம்பைத் திருப்பி, நடக்கவே வழியில்லாத இடத்தில் நாலு எட்டு நடந்து வெடிப்புக்குள் போய்விட்டது. ஐயாவு அழுதார். வெட்கப்படாமல், தொப்பித் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதார். என்ன அழகு என்று சொல்லத் தோன்றவே இல்லை.

கையெழுத்துப் போடும்போது பேனா பழக்கதோஷத்தில் இரண்டாவது கட்டத்துக்கே ஓடியது. குலசிங்கம் அவர் மணிக்கட்டைப் பிடித்து முதல் கட்டத்துக்கு நகர்த்தி வைத்தார். கண்டவர், ஐயாவு. உடன் கண்டவர் என்ற இடத்தில் இருளாயி எழுத்துக் கூட்டித் தன் பெயரை முழுதாக எழுதினார், எழுதி முடிக்கும் வரை பதினான்கு பேரும் நின்றார்கள், யாரும் ஜீரணத்தைப் பற்றிப் பேசவில்லை.

புதன்கிழமை தனித்தனி அறை. ஹனிம் என்ற இளம் அதிகாரி முதலில் ஐயாவைக் கேட்டார், பிறகு இருளாயியை. நிறம், கொம்பு, நின்ற இடம் எல்லாம் எழுதிக்கொண்டு, கடைசியில் வேறு ஏதாவது அடையாளம் உண்டா என்றார். இரண்டு அறையிலும் கிழிந்த காது வந்தது, இரண்டு அறையிலும் அதே காது. ஹனிம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், சிரித்தார், கோப்பினை மூடினார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. கயிற்றுச் சறுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும், ஆட்டுமலை ஆட்டுக்கே.

குலசிங்கம் பழைய நூற்று நாற்பத்தாறு பதிவுகளுக்கும் பென்சிலால் கேள்விக்குறி போட்டுக்கொண்டிருக்கிறார், இன்னும் முடியவில்லை. ஐயாவு இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் எறும்புக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறார், வீட்டில் கிச்சாப் போத்தலைத் தானே கண்டுபிடிக்கிறார், காளியம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட. ஆனால் இனம் அழிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டு பேரும் நலம். போன வாரம் இருளாயி ஒரு மரத்தைக் காட்டி "அங்க" என்றார். பன்னிரண்டு தொலைநோக்கிகள் எழுந்தன, நகர்ந்தன, நின்றன. "தண்ணிப் போத்தல மறந்து வச்சிட்டேன், யாராச்சும் எடுத்துக் குடுங்க," என்று இருளாயி முடிப்பதற்குள் மூன்று ஆமாவும் ஓர் அழகும் வந்துவிட்டன.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று தெரியும். நிதானமாகப் படிப்பவர், ஒரு வரி விடாதவர். மலையாட்டைக்கூட அந்த வெடிப்பில் நன்றாகவே பார்த்தீர்கள், இல்லையா? கறுப்பு உடம்பு, பிடரி மயிர், குட்டைக் கொம்பு, கிழிந்த காது எல்லாம் தெரிந்ததுதானே? தலை ஆடுகிறது, மகிழ்ச்சி. அப்படியானால் மேலே போய்ப் புரட்டாமல், பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல், தனி அறையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு சொல்லுங்கள்: கிழிந்திருந்தது எந்தக் காது?